எல்லாரும் சேர்ந்து நெகட்டிவ் ரிவியூ போடுவது நியாயமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் சாய்ந்தமருதைச் சேர்ந்தவன். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். நானும் கூட்டாளிமாரும் ஒரு ஷூட்டிங் கேம் விளையாடுகிறோம். டியூஷன் கொடுத்துச் சேர்த்த காசை நானாவிடம் கொடுத்து, அவருடைய கார்டில், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினது. 40 டொலர். இவ்வளவு நாளும் நல்லா இருந்தது. போன மாதம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, அந்தக் கம்பனியில் வேறொரு கணக்குத் திறந்து இணைத்தால்தான் உள்ளே விடுகிறார்கள். தனியாக விளையாடும் பகுதிகூட இணையம் இல்லாமல் திறக்கிறதில்லை. எங்கட வட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ரிவியூ பாம்பிங் செய்ய, அதாவது கூட்டமாக நெகட்டிவ் ரிவியூ போட, நிற்கிறார்கள். அதே கம்பனியின் பழைய கேம்கள் சில எங்களிடம் இருக்கின்றன, அவற்றுக்கும் நெகட்டிவ் போடவேணுமாம். இன்னும் விளையாடாத புதிய கேமுக்கு, மெட்டாகிரிட்டிக் என்ற மதிப்பெண் தளத்தில் பூச்சியம் போடவேணுமாம். இதோடு இன்னொன்று. எங்கட பக்கத்துப் பொடியன் ஒருவர் மொபைல் கேம் ஒன்று செய்து பிளே ஸ்டோரில் விட்டிருக்கிறார். ரிவியூ பாம்பிங் பிழை என்று அவர் முகநூலில் எழுதிவிட்டார். அதற்காக அவருடைய கேமுக்கும் ஒரு நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். நான் யோசித்தால், ‘நீ கம்பனிக்காரன்ட ஆள்’ என்கிறார்கள். இது நியாயமான போராட்டம்தானா? நான் சேரலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

சுற்றி வளைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து வாங்கிய கேமைக் கெடுத்துவிட்டார்கள் என்று எத்தனை பேர் சேர்ந்து எழுதினாலும் அது நியாயம். தாராளமாக எழுதுங்கள். கெட்டுப்போகாத பழைய கேமைப் பற்றியும், திறந்தே பார்க்காத புதிய கேமைப் பற்றியும் எழுதுவது பொய். அதில் சேரவேண்டாம். ஊர்ப்பக்கத்து இளைஞரின் கேமுக்கு ஒரு நட்சத்திரம் போடுவது வெறும் பழிவாங்கல். அதில் சேராமல் இருந்தால் மட்டும் போதாது, தடுக்கவும் பாருங்கள்.

நான் மட்டக்களப்பில், செயலிகளையும் சிறிய கேம்களையும் வெளியிடுமுன் பரிசோதிக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதும் ரிவியூ கடைசியில் வந்து சேர்வது என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டொலர் 300 ரூபாவை ஒட்டி நின்றால்கூட 40 டொலர் என்பது 12,000 ரூபா. அதைச் சேர்க்க எத்தனை பின்னேரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்! வாங்கும்போது இல்லாத நிபந்தனையைக் காசை எடுத்த பிறகு கொண்டுவந்து வைப்பது எந்த வியாபாரத்திலும் முறையில்லை.

ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது? கல்முனையில் ஒரு கடைக்காரர் பழுதான கீபோர்டைத் தந்துவிட்டு மாற்றித்தர மறுத்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். கடல் கடந்த, இங்கே அலுவலகமே இல்லாத கேம் கம்பனியை அந்தச் சபை கூப்பிட்டு விசாரிப்பது நடைமுறையில் நடக்காத காரியம். ஸ்டீமில் காசைத் திருப்பிக் கேட்க, வாங்கி 14 நாட்களுக்குள் இருக்கவேண்டும், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருக்கவேண்டும். உங்களுக்கு இரண்டும் எப்போதோ தாண்டியிருக்கும். தாண்டியவர்கள் கேட்டாலும் பார்ப்போம் என்று ஸ்டீம் சொல்லியிருக்கிறது, ஆகவே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வங்கியில் சொல்லிக் கார்டில் போன காசை மறித்து எடுக்கலாம் என்று யாராவது புத்தி சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் ஸ்டீம் கணக்கைக் கட்டுப்படுத்திவிடும். உங்கள் மற்றக் கேம்களும் மாட்டுப்படும், நானாவுக்கும் வீண் தலையிடி.

மிச்சம் இருப்பது ரிவியூதான். அதன் பெறுமதியைக் குறைத்துப் பேசுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. சட்டத்தரணி வைக்க வசதியில்லாத, கம்பனிக்கு முகவரிகூடத் தெரியாத ஊரில் இருக்கும் ஒரு மாணவனின் ‘பரிந்துரைக்கவில்லை’, லண்டனில் இருப்பவரின் ‘பரிந்துரைக்கவில்லை’க்குச் சமமாக எண்ணப்படும் இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

உங்கள் பிரச்சினையைப் போலவே ஒன்று 2024இல் நடந்தது. நம் நாட்டையும் நேராகத் தொட்ட விடயம் என்பதால் அதை முழுதாகச் சொல்கிறேன். ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமை சுவீடனின் ஏரோஹெட் ஸ்டுடியோ செய்தது, சோனி வெளியிட்டது. 2024 பெப்ரவரியில் வந்தது. கணினியில் விளையாடுபவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கை இணைக்கவேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் இருந்தது. ஆனால் வெளியான நாட்களில் சேர்வர்கள் திணறியதால் அதைத் தற்காலிகமாக விட்டுவிட்டார்கள். மே மாதம் 3ஆம் திகதி சோனி அறிவித்தது: இனிமேல் கட்டாயம். அந்தக் கணக்கைச் சட்டப்படி திறக்கக்கூடிய நாடுகள் அப்போது எழுபது வரைதான். இந்தியா அதில் இருந்தது, இலங்கை இருக்கவில்லை. ஆக, கேமைக் காசு கொடுத்து வாங்கி மூன்று மாதம் விளையாடிய இலங்கைப் பிள்ளைக்கு இரண்டு வழிதான் இருந்தது. வேறு நாட்டில் இருப்பதாகப் பொய் சொல்லிக் கணக்குத் திறக்கலாம், அது சோனியின் விதிகளுக்கே முரண். இல்லையென்றால் கேமை மறந்துவிடலாம்.

ஒரு வார இறுதிக்குள் ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான நெகட்டிவ் ரிவியூ குவிந்தது. கணக்கு வசதி இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் கேமின் விற்பனை நிறுத்தப்பட்டது. மே 6ஆம் திகதி சோனி பின்வாங்கியது, கட்டாயம் இல்லை என்று அறிவித்தது. பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோபத்தில் எழுதியவர்களில் ஏராளமானோர் திரும்பிப் போய்த் தங்கள் ரிவியூவைப் பொசிட்டிவாக மாற்றினார்கள். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டது கிடைத்தது, ஆகவே சொன்னதைத் திருத்தினார்கள்.

இந்தப் போராட்டத்தை ஒரு பகுதியாரின் வசதிக்காக ‘கும்பல் தாக்குதல்’ என்று சொல்லிவிட முடியாது. ஸ்டீமில் ரிவியூ எழுத அந்தக் கேம் உங்கள் கணக்கில் இருக்கவேண்டும். எழுதியவர் எத்தனை மணித்தியாலம் விளையாடினார் என்பதும் பெயருக்கு அருகிலேயே தெரியும். அவர்கள் வாங்கியவர்கள், விளையாடியவர்கள். எழுதியது அந்தக் கேமுக்குள் நுழைவதைப் பற்றி. கேட்டது ஒரே ஒரு விடயம், அதைச் செய்யக்கூடிய இடத்தில் இருந்தவர்களிடமே கேட்டார்கள்.

எண்ணிக்கை கூடினால் நியாயம் குறைந்துவிடும் என்று கேம் தொழிலில் சிலர் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். கிழக்கில் நமக்கு ஹர்த்தால் புதிதில்லை. ஒரு கடைக்காரர் தன் கடையைத் தானே பூட்டினால், அவரோடு சேர்ந்து பஸார் முழுவதும் பூட்டினாலும், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. பூட்டாத கடைக்குக் கல் எறியும்போதுதான் அது வேறு கதையாகிறது. உங்கள் குழு கேட்கும் இரண்டாவது, மூன்றாவது காரியங்கள் கல்லெறிதான்.

அதற்குப் போகுமுன் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் இதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் ரிவியூவின் கதி அவர்கள் கையில் இருக்கிறது. 2017இல் ஒவ்வொரு கேமின் பக்கத்திலும், எந்த நாளில் எத்தனை நெகட்டிவ் வந்தது என்று காட்டும் வரைபடத்தை வைத்தார்கள். 2019 மார்ச்சில் இன்னொரு படி போனார்கள். ரிவியூ வழமைக்கு மாறாகக் குவிந்தால் கணினி எச்சரிக்கும், அவர்களின் ஆட்கள் பார்ப்பார்கள். கேமுக்குச் சம்பந்தமில்லாத காரணம் என்று தீர்மானித்தால், அந்த நாட்களில் வந்தவற்றை மொத்த மதிப்பெண்ணில் சேர்க்கமாட்டார்கள். ரிவியூவை அழிப்பதில்லை, கணக்கில்தான் எடுப்பதில்லை. விரும்பினால் ஒவ்வொருவரும் தன் ஸ்டீம் கணக்கின் அமைப்புகளில் மாற்றி அதையும் சேர்த்துப் பார்க்கலாம். இதுவரை சரி. ஆனால் நகல் தடுப்புப் பூட்டு, பாவனை ஒப்பந்தத்தில் செய்யும் மாற்றம் ஆகியவற்றுக்கு எதிராக வரும் ரிவியூவையும் ‘சம்பந்தமில்லாதவை’ என்ற பெட்டிக்குள்தான் அன்று போட்டார்கள். நிறைய விவாதித்த பிறகே அப்படி முடிவெடுத்ததாக அவர்களே எழுதினார்கள்.

இதில் நான் வால்வோடு முரண்படுகிறேன். மார்கழி மழையில் இணைப்பு அறுந்துபோகும் ஊரில், டேட்டா கார்டை எண்ணி எண்ணிப் போடும் வீட்டில், ‘எப்போதும் இணையம் வேண்டும்’ என்பது கேமுக்கு வெளியே இருக்கும் சட்டச் சங்கதி இல்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் இல்லாமல் இருந்தவர்கள் நாம். மின்சாரம் வந்த பிறகும் டவர் வேலை செய்யாது, மடிக்கணினியில் சார்ஜ் மட்டும் இருக்கும். அந்த நேரத்தில் தனியாக விளையாடும் பகுதி திறக்குமா, திறக்காதா என்பதுதான் இங்கே வாங்கும் ஒருவருக்கு முதல் கேள்வி. ஆகவே உங்கள் ரிவியூவில் அதையே எழுதுங்கள். ‘பேராசை பிடித்த கம்பனி’ என்று எழுதினால் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்க இடம் இருக்கும். ‘இணைப்பு இல்லாதபோது தனியாக விளையாடும் பகுதி திறக்கவில்லை, அப்டேட்டுக்கு முன் திறந்தது’ என்று எழுதினால் அது கேமைப் பற்றிய தகவல். அதை ஒதுக்குவது கஷ்டம்.

ஹெல்டைவர்ஸ் விடயத்தில் வால்வ் அப்படி ஒதுக்கவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி பழைய கேம்கள். 2019 ஏப்ரலில், போர்டர்லேண்ட்ஸ் 3 கணினியில் சில மாதங்களுக்கு, ஸ்டீமுக்குப் போட்டியான எபிக் கடையில் மட்டுமே விற்கப்படும் என்று அறிவித்தார்கள். ஸ்டீம் பாவனையாளர்கள் கொதித்துப்போய், ஸ்டீமில் ஏற்கெனவே இருந்த பழைய போர்டர்லேண்ட்ஸ் கேம்களுக்கு நெகட்டிவ் போட்டார்கள். அந்தக் கேம்களில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. முந்தின நாள் எப்படி இருந்தனவோ அப்படியேதான் இருந்தன. வால்வ் அந்த நாட்களைக் கணக்கிலிருந்து நீக்கியது, அந்தத் தீர்மானம் சரி. கம்பனிக்கு அதனால் பெரிய நட்டம் வந்திருக்காது. ஏமாந்திருக்கக்கூடியவர், அன்று மலிவு விற்பனையில் அதை வாங்கலாமா என்று ரிவியூவைப் பார்த்த ஒரு பிள்ளை. உங்கள் ரிவியூவை முதலில் வாசிப்பது கம்பனி முதலாளி அல்ல, தம்பி. அக்கரைப்பற்றிலோ ஏறாவூரிலோ உங்களைப் போலவே காசு சேர்த்துவைத்திருக்கும் இன்னொருவர். அவரிடம் நல்ல கேமைக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை?

மெட்டாகிரிட்டிக்கில் வாங்காமலும் எழுதலாம் என்பதுதான் அங்கே சிக்கல். 2020 ஜூன் 19ஆம் திகதி த லாஸ்ட் ஒஃப் அஸ் பகுதி 2 வெளியானது. முடிக்க இருபது மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் கேம். சில மணித்தியாலங்களுக்குள் ஆயிரக்கணக்கில் பூச்சியம் விழுந்தது. முடித்துவிட்டு எழுத நேரமே இருந்திருக்க முடியாது. கதை பிடிக்கவில்லை என்று உண்மையாகவே எழுத இருந்தவர்களின் குரலும் அந்தக் குவியலுக்குள் பெறுமதி இழந்துபோனது. அடுத்த மாதமே, ஒரு கேம் வெளியாகி 36 மணித்தியாலம் கழிந்த பிறகுதான் பாவனையாளர்கள் மதிப்பெண் போடலாம் என்று அந்தத் தளம் விதியை மாற்றியது. விளையாடாமல் போடும் பூச்சியம் கம்பனியைச் சுடுவதில்லை, அடுத்த தடவை நீங்கள் உண்மை சொல்லும்போது உங்களை நம்பாமல் இருக்க ஒரு காரணத்தைத்தான் கொடுக்கிறது.

சிறியவர்கள் மீது இது விழும்போது என்ன நடக்கும் என்பதற்கு தைவானின் ரெட் கேண்டில் ஸ்டுடியோவைச் சொல்லலாம். சிறு குழு. 2019 பெப்ரவரியில் டிவோஷன் என்ற பேய்க் கேமை வெளியிட்டார்கள், நல்ல வரவேற்பு. கேமுக்குள் ஒரு சுவரில் ஒட்டியிருந்த தாயத்துத் தாளில் சீன ஜனாதிபதியைக் கேலி செய்யும் எழுத்து இருப்பதை விளையாடியவர்கள் கண்டுபிடித்தார்கள். சீனாவிலிருந்து நெகட்டிவ் ரிவியூ வெள்ளமாக வந்தது, சமூக ஊடகங்களிலும் கோபம் கிளம்பியது. ஸ்டுடியோ மன்னிப்புக் கேட்டது, அந்தத் தாளை மாற்றியது. போதவில்லை. வெளியாகி ஒரு வாரத்துக்குள் கேமையே ஸ்டீமிலிருந்து எடுத்தார்கள். 2021இல்தான் தங்கள் சொந்தத் தளத்தில் திரும்ப விற்கத் தொடங்கினார்கள். அதை எதிர்த்தவர்களுக்கும் தாங்கள் நியாயம் கேட்பதாகத்தான் தோன்றியிருக்கும். கேட்டதைச் செய்த பிறகும் நிற்காத கோபத்தைப் போராட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோபத்தில் இலக்குத் தவறுவதும் சாதாரணம். 2017 ஏப்ரலில் இந்தியாவில் ஸ்னாப்சாட் தலைவர் சொன்னதாகப் பரவிய ஒரு பேச்சுக்காக அந்தச் செயலிக்கு ஒரு நட்சத்திரம் போடக் கிளம்பியவர்களில் பலர், பெயரை மாறிப் புரிந்துகொண்டு ஸ்னாப்டீல் என்ற கடைச் செயலிக்குப் போட்டுவிட்டார்கள். ஸ்னாப்டீல் இந்தியக் கம்பனி, அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இப்போது உங்கள் பக்கத்து இளைஞர். கடிதத்தை இரண்டாவது தடவை வாசித்தபோது என்னைக் கலங்கவைத்தது இந்த இடம்தான். அவர் செய்த குற்றம் ஒரு கருத்துச் சொன்னது. அந்தக் கருத்தோடு பாதியில் நானும் முரண்படுகிறேன். நீங்களும் முகநூலிலேயே போய் அவரோடு வாதாடலாம். அவருடைய கேமுக்கும் அந்தக் கருத்துக்கும் என்ன சம்பந்தம்?

கணக்கைப் பாருங்கள். சிறிய கேம் ஒன்றுக்கு 40 பேர் மதிப்பிட்டு, சராசரி 4.6 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குழுவிலும் பக்கத்துக் குழுக்களிலும் இருந்து 25 பேர் போய் ஒரு நட்சத்திரம் போட்டால் அது 3.2 ஆகும். அதுவும் வெறும் சராசரிக்கு. பிளே ஸ்டோர் 2019இலிருந்து அண்மையில் வந்த மதிப்பீடுகளுக்கே கூடுதல் பாரம் கொடுக்கிறது, ஆகவே வீழ்ச்சி இதைவிட மோசமாக இருக்கலாம். இன்னொன்று, 2021 நவம்பரிலிருந்து ஒவ்வொரு நாட்டவருக்கும் அந்தந்த நாட்டு மதிப்பீடுதான் காட்டப்படுகிறது. இலங்கையிலிருந்து நீங்கள் போடும் ஒரு நட்சத்திரம் இலங்கையில்தான் தெரியும். அவருடைய கேமை இறக்கிப் பார்க்கப்போகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் உள்ள கம்பனிக்குக் கீறல்கூட விழாத அளவு ஆட்கள், ஒரு தனி மனிதரின் வருடக்கணக்கான உழைப்பைப் பின்னேரம் ஒன்றில் முடித்துவிடலாம்.

கூகுள் போலி மதிப்பீடுகளை நீக்குமே என்று யாராவது சொல்லலாம். நீக்கும். 2020 மே மாதத்தில் இந்தியாவில் யூடியூப் ரசிகர்களும் டிக்டொக் ரசிகர்களும் மோதியபோது, டிக்டொக்கின் மதிப்பீடு நாலரையிலிருந்து ஒன்றரைக்கும் கீழே போனது. கூகுள் லட்சக்கணக்கில் நீக்கி அதைத் தூக்கிவிட்டது. ஆனால் அது டிக்டொக். ஒரு அறையில் ஒரே கணினியோடு இருக்கும் ஒருவர் முறைப்பாடு எழுதிப் போட்டுவிட்டு எத்தனை நாள் காத்திருக்கவேண்டியிருக்கும்?

ரிவியூ எங்கள் மேசையில் எப்படித் தெரியும் என்பதையும் சொல்கிறேன். பிளே ஸ்டோரில் ஒரு வரி வந்தால் அதோடு எந்தப் போன், எந்த அண்ட்ரொயிட், எங்கள் செயலியின் எந்தப் பதிப்பு என்பதும் எங்களுக்குத் தெரியும். சிறுவர்களுக்கான கற்றல் கேம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தோம். பிள்ளை தன் பெயரைத் தமிழில் அடித்தால் அது பலகையில் வரவேண்டும். வாகரைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்: ‘மேகலா என்று அடித்தால் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பிள்ளை இது என் பெயர் இல்லை என்கிறது.’ கேம் செய்யும் மென்பொருள், எழுத்துகளை அவை சேமிக்கப்பட்ட ஒழுங்கிலேயே அடுக்கிக்கொண்டு போயிருக்கிறது. தமிழில் கொம்பு சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வரவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. எங்கள் திரைகளில் ஆங்கிலப் பெயர்களை அடித்துப் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. தமிழ்ப் பெயர்களில்கூட, கொம்பு இல்லாத பெயரை அடித்தால் தப்பிவிடும். அந்த ஒரு வரியை வைத்து, எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் பகுதியைச் சேர்த்து அடுத்த பதிப்பில் திருத்தினோம். ஆசிரியை பிறகு வந்து ஐந்தாக மாற்றினார்.

அந்த இரண்டு நட்சத்திரம் எங்களுக்குக் கிடைத்த ஐந்து நட்சத்திரங்களைவிடப் பெறுமதியானது. அதே வாரத்தில் நூறு பேர் வந்து ‘குப்பை’, ‘டிலீட் பண்ணு’ என்று எழுதியிருந்தால், அந்த வரி அதற்குள் எங்கேயோ புதைந்துபோயிருக்கும். மேகலா இன்னும் தன் பெயரைப் பிழையாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பொய் ரிவியூவால் நட்டப்படுபவர் கேம் செய்தவர் மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

‘கம்பனிக்காரன்ட ஆள்’ என்ற ஏச்சுக்கு உங்கள் ரிவியூவே பதில். குழுவில் முதல் ஆளாக நீங்களே எழுதுங்கள். எழுதும்போது எத்தனை நாளாக விளையாடுகிறீர்கள், அப்டேட்டுக்கு முன் எப்படி இருந்தது, இப்போது சரியாக எது வேலை செய்யவில்லை, உங்கள் ஊரில் அது ஏன் பெரிய பிரச்சினை என்று எழுதுங்கள். கேம் உண்மையில் நல்ல கேம் என்றால் அதையும் மறைக்காதீர்கள். எதைச் செய்தால் ரிவியூவை மாற்றுவீர்கள் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்: ‘தனியாக விளையாடும் பகுதியை இணையம் இல்லாமல் திறக்க விட்டால் மாற்றுவேன்.’ அவர்கள் மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள். ஸ்டீமில் எழுதியதை எப்போதும் திருத்தலாம். கம்பனியின் சமூகப் பக்கங்களில் பதில் சொல்லும் ஊழியரை ஏசவேண்டாம். அவர் இந்தத் தீர்மானத்தை எடுத்தவர் இல்லை, பெரும்பாலும் நீங்கள் அறிந்த அதே நேரத்தில்தான் அவரும் அறிந்திருப்பார்.

ரிவியூவோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் எண்ணவேண்டாம். 2024 மார்ச் 31ஆம் திகதி யூபிசொஃப்ட் த குரூ என்ற கார் ஓட்டும் கேமின் சேர்வரை நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் அதைத் தனியாகக்கூட விளையாட முடியாமல் போனது. அதிலிருந்து பிறந்த ‘கேம்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்ற இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டம் கேட்டு 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டியது. கலிபோர்னியாவில் 2025இலிருந்து, டிஜிட்டல் பொருளை விற்பவர் ‘நீங்கள் வாங்குவது அனுமதிப் பத்திரம்தான், சொந்தம் அல்ல’ என்று தெளிவாகச் சொல்லவேண்டும். இந்த வகைக் கேள்விகள் நம் நாட்டில் இன்னும் எழவில்லை. நம் பாவனையாளர் சட்டம் வந்தது 2003இல், ஸ்டீம் தொடங்கிய வருடமும் அதுதான். பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்கள், முகாமைத்துவம் படிக்கும் நண்பர்கள் இருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பனியிடம் டிஜிட்டல் பொருள் வாங்கி ஏமாந்தவர் எங்கே முறையிடுவது என்று அதிகார சபைக்கு எழுத்தில் ஒரு கேள்வி அனுப்புங்கள். ஏழு பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும், தொடங்க.

ஊர்ப்பக்கத்து இளைஞரின் கேமை நீங்கள் இன்னும் விளையாடவில்லை என்றே கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. இறக்கி விளையாடிப் பாருங்கள். எங்காவது சிக்கினால், எந்தக் கட்டத்தில், எந்தப் போனில் என்று குறித்து, தமிழிலேயே எழுதிப் போடுங்கள். நட்சத்திரம் எத்தனை என்பதை விளையாடி முடித்த பிறகு தீர்மானியுங்கள்.